சுரண்டாத அட்டை

பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அருஞ்சுனை வழக்கம்போலக் கண்ணை மூடி, முகத்தை உள்ளே கொடுத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. காற்று மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் வெதுவெதுப்பான, எதனோடும் ஒட்டாத காற்று. இன்னொரு முறை இழுத்தார். மூக்குக்குள் குளிர்ச்சியாக ஏதோ போய் வந்தது, அவ்வளவுதான். சளியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே சளி இல்லை என்பது தெரிந்தது, இரண்டு துவாரமும் கண்ணாடிபோலத் திறந்து கிடந்தன, காற்று தடையில்லாமல் போய்வந்தது, போய்வந்த காற்றுதான் வெறுங்கையோடு வந்தது. வாசனை இருந்தே ஆக வேண்டும். இத்தனை வருஷம் மூடிக் கிடந்த பெட்டிக்குள் வாசனை இல்லாமல் எங்கே போகும்? பசையும் மையும் மேல்பூச்சு வார்னிஷும் கையேட்டின் தாளும் உள்ளுக்குள்ளேயே பழுத்துப் பழுத்து, பாதாம் பருப்பும் பழைய சுண்ணாம்புச் சுவரும் கலந்தாற்போல ஒரு மணம் நிற்கும். அந்த மணத்துக்காகவே பெட்டியைத் திறக்கிற நாட்கள் உண்டு. மகள் அகல்யா படிக்கக் கோயம்புத்தூர் போனபின் அவளுடைய அறையின் சுவர்களெல்லாம் அலமாரிகளாகிவிட்டன. அவற்றில் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் நின்றன, ஃப்ளாப்பியில் வந்தவை, சிடியில் வந்தவை, ஒவ்வொன்றும் கடையில் விற்கப்பட்ட அதே அட்டைப்பெட்டியில், அதே கையேட்டோடு, அதே துணி வரைபடத்தோடு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், இதையெல்லாம் விளையாடுவீர்களா என்று. அருஞ்சுனை சிரித்து வைப்பார். அவருக்கு விளையாட்டைவிடப் பெட்டிதான் பெரிது. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மேலாளராக இருக்கிறவருக்குப் பெட்டி பெரிதாக இல்லாமல் வேறு எது இருக்கும்? பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார். மூச்சை இழுத்தார்.

ஹாரூன் மட்டும் சற்றுமுன் போன் செய்யாமல் இருந்திருந்தால் இந்தப் பெட்டியை இன்று திறந்தே இருக்க மாட்டார், திறக்காமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது, தெரியாமலே இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும் என்று நினைத்தபோது, முகம் பார்த்துப் பழகியிராத அந்தப் பையன்மேல் சுள்ளென்று ஒரு கோபம் வந்தது. ஹாரூன் சென்னைக்காரன், இவரைப்போலவே பழைய விளையாட்டுப் பெட்டிகள் சேர்க்கிறவன், வயதில் மிகவும் சிறியவன். இவர் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்கும்போது போன் வந்தது.

"சார், பெங்களூர்ல கண்காட்சி வைக்கிறோம். உங்க ஃபாக் ஃபெரி கேம் பெட்டியக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு நட்ட நடுவுல நிறுத்தணும்னு ஆசை."

"பாக்கலாம்."

"அந்த மணக்குற அட்டை சுரண்டாம அப்படியே இருக்குல்ல? ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க சார். நம்ம நாட்டுல சுரண்டாத அட்டையோட இருக்கிறது உங்ககிட்ட மட்டும்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"இருக்கு, இருக்கு. அதை எவன் சுரண்டப் போறான்?"

"தொட்டுக்கூடப் பாக்காதீங்க. கைச்சூடு பட்டாலே அந்த மருந்து செத்துப்போயிரும்ங்கிறாங்க."

கைச்சூட்டுக்கெல்லாம் அது சாகாது என்று அருஞ்சுனை சொல்லவில்லை. சின்னப் பையன், ஆசையில் பேசுகிறான், பேசட்டும். அந்த அட்டையில் பூசியிருப்பது மருந்தல்ல, கண்ணுக்குத் தெரியாத குமிழிகள், ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு சொட்டுத் தைலம், நகத்தால் சுரண்டும்போது குமிழி உடைந்து மணம் வரும். அது அச்சாகும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு சிங்கப்பூர் போய், பெட்டி அச்சடிக்கிற ஆலையொன்றில் வேலைக்கு இருந்த காலம். அமெரிக்காவில் எங்கோ யாரோ உண்டாக்கிய விளையாட்டுகளுக்கு அங்கேதான் பெட்டி அச்சாகும். பெட்டியாக மடிவதற்கு முன்னால் பெரிய பெரிய தாள்களாக, கப்பலும் கோட்டையும் வானமுமாக, நனைந்த நிறத்தோடு எந்திரத்திலிருந்து வந்து விழும். ஃபாக் ஃபெரி என்ற அந்த விளையாட்டில் ஒருவன் மூடுபனிக்குள் படகு ஓட்டுகிறான். திரை முழுக்க வெள்ளைதான், கரை தெரியாது. எந்தக் கரைக்கு அருகில் வந்திருக்கிறோம் என்பதை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனாவது வட்டத்தைச் சுரண்டு என்று திரையில் எழுத்து வரும். சுரண்டினால் எலுமிச்சை மணந்தால் தோட்டக்கரை, தார் மணந்தால் கப்பல் பழுதுபார்க்கிற துறை, ரொட்டி மணந்தால் ஊர், பீரங்கியின் கருமருந்து மணந்தால் எதிரியின் கோட்டை, அங்கே போனால் சாவு. அந்த அட்டைகள் அச்சான நாட்களில் ஆலை முழுக்க எலுமிச்சையும் தாரும் கலந்து வீசி எல்லாருக்கும் தலைவலி. எந்திரத்தை ஓட்டிய ஹாலிமா என்கிற மலாய்க்கார அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டே, "தம்பி, உனக்கு மட்டும் ஏன் வலிக்கல?" என்று பாதித் தமிழில் கேட்டாள். கருமருந்து வட்டம் ஓடியபோது அவள் ஓடியே போய்விட்டாள். அருஞ்சுனை மட்டும் அந்தத் தாள்கட்டின்மேல் குனிந்து நின்றார். ஊர் வாசனை. தீபாவளிக்கு, பட்டாசு ஆலைக்குப் போய்வந்த அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடும்போது அம்மாவின் கையில் ஒட்டுகிற வாசனை. அந்நியச் சீமையில், குளிர்சாதனக் கூடத்தில், பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும்போது அது வந்து தொட்டது. அன்றைக்கு அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நெடியால் வந்தது என்று ஹாலிமா நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆலையில் அவருக்குப் பேரே மூக்கால்தான். மை காய்ந்துவிட்டதா என்று மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்த்துத் தாளைக் கெடுத்துக்கொள்வார்கள், அருஞ்சுனை தாள்கட்டின் ஓரத்தைப் புறங்கையால் லேசாகத் தூக்கி, ஒரு முறை மோந்து, இன்னும் ஆகவில்லை என்பார், ஆகியிருக்காது. சிவகாசிக்குத் திரும்பிவந்தும் அதே பேர். முதலாளியே கூப்பிட்டு, அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் மோந்து சொல்லுங்க என்பார். இப்போதும் சொல்கிறார்கள். இப்போதும் இவர் தாள்கட்டின்மேல் குனிகிறார். கொஞ்ச காலமாகக் குனிந்து, கண்ணை மூடி, பழைய மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, மணியைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஆயிட்டு, எடுத்துருங்க என்று சொல்கிறார், அது சரியாகவும் இருந்துவிடுகிறது. அப்படியென்றால் இது இன்று வந்தது இல்லை. இந்த எண்ணம் வந்ததும் அதைக் கையால் விலக்குவதுபோல எழுந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். அதைத் திறந்து மூச்சிழுத்தார். அடுத்தது. அதற்கடுத்தது, பூஞ்சை பிடித்துப்போய், வாங்கின புதிதில் பக்கத்தில் வைத்தால் மற்றதற்கும் ஒட்டிவிடும் என்று தனியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தது, திறந்தாலே தும்மல் வரும், அதைத் திறந்து ஏறக்குறைய மூக்கை உரசினார். தும்மல் வந்தது. தும்மல் வருகிறது, வாடை வரவில்லை. மூக்கு வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் எதுவோ செய்யவில்லை. பின்னால் என்றால் எங்கே? பின்னால் என்றால் தலைக்குள்.

அடுக்களைக்குப் போனார். நினைவோடு போனதாகவே தெரியவில்லை, நின்று பார்த்தபோது கையில் பெருங்காய டப்பா இருந்தது. மோந்தார். உள்ளே சுள்ளென்று ஏறியது, கண் கரித்தது, ஆனால் பெருங்காயம் இல்லை, வெறும் சுள்ளென்பது. காபித்தூள் தூசிமாதிரி போயிற்று. விக்ஸைத் தடவினால் குளுகுளுவென்று இருந்தது, குளிர்ச்சிக்கு ஏது பேர்? கொரோனா வந்தபோதும் இப்படித்தான் இருந்தது என்று சட்டென்று ஞாபகம் வந்து ஒரு நிமிஷம் உடம்பே லேசானது. ஆமாம், அப்போது அவருக்கும் மனைவி சண்முகக்கனிக்கும் சேர்ந்தே மூக்கு போனது, சேர்ந்தே வந்தது, முதலில் வந்தது வெங்காயம், கனி கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு அழுது சிரித்தாள். அதுதான் திரும்ப வந்திருக்கிறது. எத்தனை பேருக்கு வருகிறது. காய்ச்சல் இல்லாமலே வருகிறதாம். டப்பாவை மூடிக்கொண்டிருக்கும்போதே அச்சகத்தில் கருத்தப்பாண்டி சொன்னது ஞாபகம் வந்தது. அதை நினைக்கக் கூடாது என்று இத்தனை நேரம் வைத்திருந்ததும் அப்போதுதான் புரிந்தது. எந்திரம் கழுவுகிற தின்னர் கேனிலிருந்து கசிந்து தரையெல்லாம் பரவி, வெல்டிங் வேலை நடக்கிற பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அருஞ்சுனை அதன்மேலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். கருத்தப்பாண்டி ஓடிவந்து வெல்டிங்காரனை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, காலுக்குக் கீழ ஆறாட்டம் ஓடுது. கூடமே நாறுது. உங்களுக்கு வாடை வரலயா?" என்று கேட்டான். கேட்டவன் முகத்தில் இருந்தது கோபமில்லை, அது வேறு ஏதோ. "போன்ல இருந்தேன்ப்பா" என்று சொல்லிச் சிரித்தார். இந்த ஊரில் ஒரு பொறிக்கு என்ன மதிப்பு என்று பிறந்த குழந்தைக்குத் தெரியும். அன்றைக்குக் காய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. கொரோனா இத்தனை வாரம் இருக்குமா?

அப்பாவுக்கும் மூக்குதான் முதலில். வந்துவிட்டது, எண்ணம் வந்தே விட்டது, கதவைத் தட்டிக்கொண்டிருந்தது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அம்மா வைக்கிற மீன்குழம்பை ஒருநாள் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு, என்ன குழம்பு இது, வெந்நீர் மாதிரி என்றார். மறுநாளும் சொன்னார். அம்மா பூண்டை அள்ளிப் போட்டாள், கருவாட்டைச் சுட்டு வைத்தாள், கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேறு யாரோ ஒருத்தியின் சமையல் இவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தாள், பாவம். யாரும் மூக்கை நினைக்கவில்லை. அப்புறம் வருஷங்கள் போய், அப்பாவின் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் தானாக உருள ஆரம்பித்தது, சும்மா இருக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, திரி உருட்டுகிற மாதிரி. பழக்கதோஷம், வாழ்க்கை பூராவும் திரியோடேயே இருந்த மனுஷன் என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அருஞ்சுனையும் சிரித்தார். மதுரையில் டாக்டர் சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்து, "இவருக்கு மூக்கு எப்ப போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி. பார்க்கின்சன் என்கிற பேரைவிட அந்தக் கேள்விதான் அருஞ்சுனைக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கு முதலில் போகும், கை பிறகு வரும், நடுவில் பல வருஷம்கூட இருக்கலாம், எல்லாருக்கும் அப்படி இல்லை, பலருக்கு அப்படி என்றார் டாக்டர். அதன்பிறகு அப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. படுக்கையில் புரள முடியவில்லை. முகம் மெல்ல மெல்ல மெழுகு ஊற்றியதுபோல உறைந்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் போயிற்று. கஞ்சியைக் கனிதான் கரண்டியால் ஊட்டுவாள், அது தொண்டையில் சிக்கும், கண்கள் மட்டும் பெரிதாகும். அருஞ்சுனை தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அது லேசாக அசைவதுபோல இருந்தது, மூச்சை நிறுத்தினால் நின்றது, மூச்சு விட்டால் அசைந்தது, எல்லார் விரலும் அப்படித்தானா என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது? இந்த விரல்தான் தாள்போல மெலிந்த செலோஃபேன் உறையைக் கிழியாமல் கழற்றுகிறது, துணி வரைபடத்தைப் பழைய மடிப்பிலேயே மறுபடி மடிக்கிறது. இந்த விரல் உருள ஆரம்பித்தால் இந்த அறையை யார் தொடுவார்கள்? கஞ்சி யார் ஊட்டுவது? கனி. மறுபடியும் கனியா? ஒரு ஆயுளில் ஒருத்திக்கு இரண்டு முறையா?

அப்போது எங்கோ தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. டம் என்று அடங்கிய சத்தம், ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை சிலிர்த்தது. அருஞ்சுனை எழுந்து நின்றுவிட்டார். இந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் அப்படித்தான், கையிலிருப்பது கையிலேயே இருக்க, காது மட்டும் நீண்டு போகும். அடுத்து ஒன்று வருகிறதா, சங்கு ஊதுகிறதா, ஆம்புலன்ஸ் ஓடுகிறதா. தெருவில் நாய் குரைத்து நிறுத்தியது. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி மேற்கே பார்த்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆலை கிடையாதே. கிடையாது என்றால் இது என்ன? போன் அடித்தது. வளைகாப்பு வீட்டிலிருந்து கனி.

"ஏங்க, சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அங்க எல்லாரும் இருக்கீங்கல்ல?"

"இங்க ஒண்ணுமில்ல. சோதனைக்கு யாரோ வெடி போட்டுருக்காங்கன்னு மச்சான் சொல்றாக. வளைகாப்பு முடிஞ்சுட்டு, நான் கெளம்பிட்டேன். சாப்பாடு கட்டிக் குடுத்துருக்காக. நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மா இருக்கேன். பெட்டியெல்லாம் பாத்துக்கிட்டு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வா."

போனை வைத்தபின்தான் அவருக்குத் தோன்றியது, மேற்கே ஏதாவது எரிந்தால் கொஞ்ச நேரத்தில் கந்தக வாடை காற்றில் வரும், அதை வைத்துத்தான் எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்று இந்த ஊர்க்காரர்கள் கணக்குப் போடுவார்கள். ஜன்னலைத் திறந்து மூச்சிழுத்தார். ஒன்றுமில்லை. எதிர்மாடிப் பெண் மறுபடி துணி எடுக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கும் வாடை வரவில்லை, அதனால் ஒன்றும் எரியவில்லை. அல்லது காற்று மாறி அடிக்கிறது. இனிமேல் எதுவானாலும் இப்படி அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவள் ஓடினால் இவரும் ஓடுவது, அவள் நின்றால் இவரும் நிற்பது.

ஃபாக் ஃபெரி பெட்டி மேஜைமேல் திறந்தே கிடந்தது. கையேட்டுக்குக் கீழே, மெழுகுத்தாள் உறைக்குள், அந்த அட்டை. இதை எடுக்கப் போகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. போட்டோ எடுக்க வேண்டும், ஹாரூன் காத்திருப்பான், அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே உறையிலிருந்து எடுத்தார். வட்டங்கள் மங்கலான வெள்ளித் திட்டுகளாக வரிசையாக இருந்தன. சாய்த்துப் பிடித்தால் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தன. எங்கோ நார்வேயில் இருக்கிற ஒரு கிழவரிடம் மாதக்கணக்கில் எழுதி எழுதிக் கேட்டு வாங்கியது. அந்தக் கிழவர் ஒரே ஒரு வாக்குக் கேட்டார், சுரண்டமாட்டேன் என்று. இவரும் கொடுத்தார். உலகம் முழுக்க இந்த அட்டை கையில் கிடைத்தவர்களெல்லாம் சுரண்டிவிட்டார்கள், அதற்காகவே உண்டானது அது, சுரண்டாமல் விட்டதனால்தான் இதற்கு மதிப்பு. கட்டைவிரல் நகம் கடைசி வட்டத்தின் ஓரத்தில் நின்றது. கருமருந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிகிற வாசனை. பெருங்காயம் போகட்டும், காபி போகட்டும், இது போகுமா? இது மூக்கில் இருக்கிற வாசனை இல்லை, அதற்கும் கீழே எங்கோ இருப்பது. இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் சளிதான். வேண்டாம், வேண்டாம், வை என்று ஒரு குரல் சொல்ல, சொல்லி முடிப்பதற்குள் நகம் இழுத்துவிட்டது. சர்ரென்று சின்னச் சத்தம். வெள்ளித் திட்டின்மேல் அகலமாக ஒரு வெளுத்த கோடு.

மோந்தார். ஒன்றுமில்லை. இன்னும் பலமாகச் சுரண்டினார், அட்டையின் நார் தெரிகிற அளவுக்கு. ஒன்றுமில்லை. பிறகு எலுமிச்சை. பிறகு தார். பிறகு ரொட்டி. எதைச் சுரண்டுகிறோம் என்று பார்க்காமல்கூட, நகக்கண்ணில் வெள்ளைத் தூள் ஏறி வலிக்கிற அளவுக்கு எல்லாவற்றையும் சுரண்டி, அட்டையை மூக்கோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு மூச்சு மூச்சாக இழுத்தார். திரை முழுக்க வெள்ளை. எந்தக் கரையும் இல்லை. அட்டையை மேஜையில் வைத்தபோதுதான், இத்தனை நேரம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்தது. இந்த அட்டை முப்பது வருஷப் பழையது. குமிழிக்குள்ளிருந்த தைலம் எப்போதோ வற்றிப் போயிருக்கலாம், கைச்சூட்டால் அல்ல, காலத்தால். நல்லபடியாக வைத்திருந்தால் நிற்கும் என்பார்கள், எத்தனை வருஷம் நிற்கும் என்று ஆலையிலேயே யாருக்கும் தெரியாது. செத்தது அட்டையா, தானா? இரண்டுக்கும் ஒரே பதில்தான், ஒன்றுமில்லை என்கிற பதில். உலகத்திலேயே பதில் சொல்ல முடியாத ஒன்றிடம் போய்க் கேட்டு, கேட்பதற்காக அதை அழித்தும் ஆயிற்று. கிழவருக்குக் கொடுத்த வாக்கு போயிற்று, ஹாரூனுடைய கண்ணாடிப் பெட்டி போயிற்று, கையில் மிஞ்சியது பழைய சந்தேகமே. ஆனால் சந்தேகம் என்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. அட்டைதான் செத்திருக்கிறது என்று ஒரு கணம் முழுசாக நம்பினார், அந்தக் கணம் எவ்வளவு சுகமாக இருந்தது. வேறொரு மூக்கு வேண்டும். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்க வேண்டாம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சண்முகக்கனி பட்டுப்புடவை சரசரக்க, ஒரு கையில் தூக்குவாளியும் இன்னொரு கையில் கண்ணாடி வளையல் பொட்டலமுமாக வந்து அறை வாசலில் நின்றாள். தலை நிறைய மல்லிகை. மல்லிகை வெள்ளையாகத் தெரிந்தது.

"இது என்ன, எல்லாப் பெட்டியையும் தொறந்து பரப்பி வச்சிருக்கீங்க? பூச்சி கீச்சி ஏறிருச்சா?"

"இல்ல. கனி, இங்க வா. இந்த அட்டையைக் கொஞ்சம் மோந்து பாரு."

"எதுக்கு?"

"சும்மா பாரு. எலுமிச்சம்பழ வாசம் ஏதாவது வருதா?"

வாளியைத் தரையில் வைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். அதைவிட அதிகமாக அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மோந்தாள், ஒரு முறை, புரட்டி இன்னொரு முறை. அவள் மூக்கு லேசாகச் சுருங்குவதை அவர் பார்த்தார்.

"எலுமிச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள், ஆறுதல் சொல்கிறவள் குரலில். "வெறும் அட்டை வாடைதான் அடிக்குது. பழைய பொஸ்தகத்தத் தொறந்தா அடிக்குமே, மக்குன வாடை, அதுதான். இந்த ரூம்பே அந்த வாடைதான, எப்பவும் உள்ளது. இதுக்காகவா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? பழசாயிருந்தா மணம் போயிரும்தான். வாங்க, புளியோதரை கட்டிக் குடுத்துருக்காக, சாப்பிடலாம்."

வாளியை எடுக்கக் குனிந்தாள். எப்பவும் உள்ளது. எந்த வாடைக்காக அவர் இந்தப் பெட்டிகளையெல்லாம் உலகம் முழுவதிலுமிருந்து வரவழைத்தாரோ அது இந்த அறையில் நிறைந்து கிடக்கிறது. அவளுக்கு வருகிறது. எதிர்வீட்டுக்காரிகூட உள்ளே வந்தால் அவளுக்கும் வரும். இனி நம்புவதற்கு ஒன்றுமில்லை.

"எனக்கு அந்த வாடையும் வரல, கனி."

அவள் நிமிரவில்லை. வாளியின் பிடியில் கையை வைத்தபடி குனிந்தே நின்றாள். என்ன சொல்றீங்க என்று கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில், திறந்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா?"

"தெரியல. மாசக்கணக்கா இருக்கும். வராததை எப்படிச் சொல்றது, வரலன்னே தெரியாதுல்ல." சொல்ல ஆரம்பித்ததும் தடுக்க முடியவில்லை. "ஒனக்கு ஞாபகம் இருக்கா, மதுரையில அந்த டாக்டர், அப்பாவுக்கு..."

"இருக்கு." அவள் குரல் உலர்ந்திருந்தது. வளையல் பொட்டலத்தை மடியில் வைத்து அதன் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன். பயப்படக் கூடாது."

"சொல்லு."

"நீங்க நடக்கையில வலது கை வீச மாட்டேங்குது. எடது கை வீசுது. வலது அப்படியே தொங்கிக்கிட்டு வருது, யாரோ கட்டிவிட்ட மாதிரி. சாத்தூர்க் கல்யாணத்துல நீங்க பந்திக்குப் போகையில பின்னாலருந்து பாத்தேன். ஒரு நிமிசம் மாமாதான் போறாகன்னு நெனச்சுட்டேன். அப்புறம் தெனமும் பாக்கேன். நீங்க தெருவுல எறங்குனா நான் ஜன்னல்ல வந்து நின்னு பாக்கேன்."

சாத்தூர்க் கல்யாணம் போன வருஷம். அருஞ்சுனை கையைப் பார்த்தார். அது மேஜைமேல் நகக்கண்ணில் வெள்ளைத் தூளோடு கிடந்தது. விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அது தோளிலிருந்தே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உண்மையாயிரும்னு தோணுச்சு. நீங்க ஏன் சொல்லல?"

இத்தனை மாதமாக இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒருவர் தூங்கிவிட்டார் என்று மற்றவர் நினைக்கும்படி கண்ணை மூடிக் கிடந்திருக்கிறார்கள். தெருவில் ஐஸ்காரனின் மணி போயிற்று. கனி மூக்கை உறிஞ்சிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கப் போகும்போது செருகுவாளே, அதேமாதிரி.

"எந்திரிங்க. வாசல் வரைக்கும் நடங்க. நான் இங்க உக்காந்து பாக்கேன். மனசுல எதையும் வச்சுக்காம சாதாரணமா நடங்க. பாத்துட்டு நாளைக்கே மதுரைக்குப் போயிருவோம்."

அவர் எழுந்தார். அறையைத் தாண்டினால் கூடம், கூடத்தைத் தாண்டினால் வாசல். சாதாரணமாக என்றால் எப்படி? இத்தனை வருஷம் நடந்தபோது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்டதே இல்லை, அது பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருந்தது. வீச வேண்டும் என்று நினைத்தார், நினைத்து வீசினால் அது வீசுவதாகாது, அவள் கண்டுபிடித்துவிடுவாள். நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார். இடது கை முன்னால் போய் வருவது தெரிந்தது, சுதந்திரமாக, கவலையில்லாத ஒருவனின் கைபோல. வலதுபக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்கு உள்ளிருந்து எந்தத் தகவலும் வரவில்லை, குனிந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் இது நடையே இல்லை. கூடத்துத் தரை காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. பின்னால் கட்டில் சத்தம்கூட இல்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். ஏதாவது சொல்லலாமே, நல்லாத்தான் வீசுது என்று ஒரு பொய்யாவது. கதவு நெருங்கியது. திறந்த கதவுக்கு வெளியே தெருவில் வெயில் இன்னும் குறையவில்லை. நிலைப்படியில் கால் தட்டியது. அருஞ்சுனை நின்றார். திரும்பினால் அவள் முகம் தெரிந்துவிடும். திரும்பாமல், தெருவைப் பார்த்தபடியே நின்றார்.